கேள்வி பதில்: சாந்திபத் எம்பஸியும் ரூஸ்வெல்ட் ஹவுஸும்

போன இதழ்ல டெல்லி சாணக்யபுரி தூதரகங்கள் பத்தி கேள்வி இருந்தா அனுப்புங்கன்னு எழுதியிருந்தோம். டெல்லி தமிழ் ஜனங்க இவ்வளவு ஆர்வமா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல, ரொம்ப சந்தோஷம். எல்லாத்துக்கும் இடம் இல்லாததால ஒரே மாதிரி வந்த கேள்விகளை சேத்து பதில் சொல்லியிருக்கேன்.

மலை மந்திருக்கு போறப்ப எல்லாம் சாந்திபத்ல அமெரிக்கன் எம்பஸியை பாக்கறேன். வெள்ளையா, சுவர் முழுக்க ஓட்டை ஓட்டையா, தங்க கலர்ல ஒல்லி ஒல்லியா தூண். என் பையன் அது கோயிலாம்மான்னு கேக்கறான். யார் கட்டினது, ஏன் இப்படி கட்டினாங்க? (வாசகி, ஆர்.கே.புரம்)

உங்க பையன் நல்லாதான் கேட்டிருக்கான் மா. ஆபீஸ் கட்டடம் மாதிரி இருக்கவே கூடாதுன்னு நெனச்சு கட்டின ஆபீஸ்தான் அது. கட்டினவர் எட்வர்ட் டுரெல் ஸ்டோன்னு ஒரு அமெரிக்க ஆர்க்கிடெக்ட். 1956 செப்டம்பர் 1ஆம் தேதி அடிக்கல், அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் வந்து வெச்சார், 1959 ஜனவரி 3ஆம் தேதி திறப்பு விழா, நேருவும் வந்திருந்தார், கட்டடம் அவருக்கு ரொம்ப பிடிச்சுப் போச்சு. அப்போ தூதரா இருந்தவர் எல்ஸ்வொர்த் பங்கர்.

ஸ்டோனுக்கு முன்னாடி இருந்த பெரிய பிரச்சினை நம்ம டெல்லி வெயில்தான். மே, ஜூன்ல 45 டிகிரி அடிக்கிற ஊர்ல கண்ணாடி டப்பா மாதிரி கட்டினா உள்ள உக்கார முடியாது, ஆனா அந்த காலத்து ஃபேஷன் என்னவோ கண்ணாடி டப்பாதான். அவர் என்ன பண்ணார்னா கண்ணாடி சுவரை வெச்சார், ஆனா அதுக்கு வெளிய இன்னொரு சுவர் மாதிரி முழுக்க ஜாலி வேலைப்பாட்டை (வலை மாதிரி ஓட்டை போட்ட தடுப்பு) எழுப்பிட்டார், நம்ம பழைய கோயில் மண்டபங்கள்ல கல்லுலயே பலகணி வெச்சிருப்பாங்களே, வெளிச்சம் வரும் வெயில் வராது, அந்த மாதிரி. வெள்ளை கான்க்ரீட்ல மார்பிள் சில்லு கலந்து ஒவ்வொரு பிளாக்கா வார்த்து அடுக்கினது. மேல கூரையும் ரெண்டு அடுக்கு, பெரிய குடை விரிச்ச மாதிரி ஒரு கூரை நல்லா வெளிய நீட்டிக்கிட்டு அந்த தங்க கலர் இரும்பு தூண்கள் மேல நிக்குது, அதுக்கு கீழ தனியா இன்னொரு கூரை, நடுவுல இருக்கற இடைவெளியில சூடு நின்னுடும், ரூமுக்குள்ள இறங்காது. ஹுமாயூன் மக்பராவுக்கு போனீங்கன்னா அங்க ஜாலி பக்கத்துல நின்னு பாருங்க, வெளிய அனல் அடிக்கும், உள்ள நிக்க முடியும். ஸ்டோன் புடிச்சது அந்த விஷயத்தைத்தான்.

உள்ள போனா நடுவுல திறந்தவெளி முற்றம், அதுல தண்ணித் தோட்டம், தண்ணிக்கு நடுவுல சின்ன சின்ன தீவு மாதிரி செடி, ஃபவுன்டன். சுத்தி ஆபீஸ் ரூம். மொத்த கட்டடமும் ஒரு மேடை மேல நிக்கறதால கார் நிறுத்தற இடம் மேடைக்கு அடியில போயிடுச்சு. எதிர்ல வட்டமா ஒரு குளம், கட்டடத்தோட நிழல் அதுல விழும். தஞ்சாவூர் பக்கம் பழைய முற்றம் வெச்ச வீட்டுல வளந்தவங்களுக்கு இதெல்லாம் விளக்கவே வேண்டாம். வீட்டு நடுவுல வானமும் தண்ணியும் இருந்தா வெயில் காலம் எப்படி இருக்கும்னு அவங்களுக்கே தெரியும்.

இதை ஃப்ராங்க் லாய்ட் ரைட்னு பெரிய அமெரிக்க ஆர்க்கிடெக்ட் ரொம்ப பாராட்டினார், அடுத்தவங்க கட்டடத்தை லேசுல பாராட்டற ஆள் இல்ல அவர். ஸ்டோனோட மனைவி பேர் மரியா, அதனால இதுக்கு ‘தாஜ் மரியா’ன்னு பேர் வைக்கலாம்னு கூட சொன்னாராம். 1958ல, கட்டி முடிக்கறதுக்கு முன்னாடியே, டைம் பத்திரிகை அட்டையில ஸ்டோன் முகம் வந்துடுச்சு. என்னை ரொம்ப பெருமைப்பட வைக்கிற விஷயம் இதுக்கு அப்புறம் நடந்தது. 1971ல வாஷிங்டன்ல பொட்டோமாக் நதிக்கரையில கென்னடி சென்டர்னு கலை அரங்கம் திறந்தாங்களே, அதுவும் ஸ்டோன் கட்டினதுதான், அதே வெள்ளை, அதே நீட்டின கூரை, அதே ஒல்லி தங்கத் தூண். டெல்லி வெயிலுக்காக இங்க யோசிச்ச ஒரு உருவம் அவங்க தலைநகரத்துக்கே போய் உக்காந்திருக்கு! இந்த கட்டடத்தை அமெரிக்கா நமக்கு காட்டின பெருமைன்னு மட்டும் பாக்கறவங்க இதையும் சேத்து பாக்கணும். வேலை செஞ்சது நம்ம ஊர் கொத்தனாரும் சித்தாளும், சொல்லிக் கொடுத்தது நம்ம ஊர் வெயில். என்னைப் பொறுத்தவரை அது முதல்ல டெல்லி கட்டடம், அப்புறம்தான் அமெரிக்க கட்டடம்.

அம்பாசடர் அந்த எம்பஸிலயே தங்குவாரா? ரூஸ்வெல்ட் ஹவுஸ்னு பேப்பர்ல அடிக்கடி வருதே அது எது? (வாசகர், மயூர் விஹார் ஃபேஸ் 1)

தங்க மாட்டார் சார். எம்பஸி ஆபீஸ், ரூஸ்வெல்ட் ஹவுஸ் வீடு. ஒரே வளாகத்துல தனித்தனியா இருக்கு, மொத்தம் 28 ஏக்கர் கிட்ட. வீட்டையும் ஸ்டோன்தான் கட்டினார், அதே ஜாலி, அதே தூண், அமெரிக்க ஜனாதிபதி ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட் பேரை வெச்சாங்க. 1963 ஆரம்பத்துல முதல்ல குடி போனவர் ஜான் கென்னத் கால்ப்ரெய்த். பொருளாதார பேராசிரியர், ஆறடி எட்டு அங்குல உயரம், நேருவோட மணிக்கணக்கா பேசற அளவு நெருக்கம். 1962 அக்டோபர்ல சீனாக்காரன் இறங்கினப்ப அமெரிக்க ஆயுத உதவி வேணும்னு நேரு கேட்டது இவர் மூலமாத்தான், அதே வாரம் வாஷிங்டன்ல கியூபா ஏவுகணை விவகாரம் ஓடிட்டு இருந்ததால கென்னடிக்கு இந்த பக்கம் திரும்ப நேரமே இல்ல, அதனால நெறைய முடிவை கால்ப்ரெய்த் இங்கயே எடுக்க வேண்டியிருந்தது. அப்போ அவர் இருந்தது இந்த வீடு இல்ல, ரெட்டெண்டோன் ரோடு பங்களா, இப்போ அந்த ரோடு பேர் அம்ரிதா ஷெர்கில் மார்க், லோதி கார்டன் பக்கத்துல.

ஆனா புது வீடு கால்ப்ரெய்த்துக்கு முழு திருப்தி தரல. ஜாலி வெச்ச வீட்டுல அழகு இருக்கு, ஆனா நடு ஹால்ல பேசினா மத்த ரூம்லயும் கேக்குது, தனிமை கிடையாதுன்னு குறை. நியாயமான குறைதான்னு எனக்கு தோணுது. ஆபீசுக்கு பொருந்தின உருவம் வீட்டுக்கு அப்படியே பொருந்தாது, வீட்டுல மனுஷன் ராத்திரி இருமணும், பொண்டாட்டி கூட சண்டை போடணும், குழந்தை அழணும். அவருக்கு அடுத்து வந்த செஸ்டர் போல்ஸ் இன்னும் ஒரு படி மேல போய் ரூஸ்வெல்ட் ஹவுசுக்கு குடியே போகல, அந்த பழைய ரெட்டெண்டோன் ரோடு வீட்டுலயே இருந்துட்டார். அவர் 1951லயும் ஒரு தடவை தூதரா வந்தவர், வீடு எளிமையா இருந்தாதான் இந்தியர்கள் கூச்சப்படாம வந்து போவாங்கன்னு நெனச்ச மனுஷர். அவருக்கு அப்புறம் வந்தவங்க காலத்துலதான் ரூஸ்வெல்ட் ஹவுஸ் நிஜமாவே தூதர் வீடா ஆச்சு. 1973ல வந்த மொய்னிஹான் பேரை பெரியவங்க மறந்திருக்க மாட்டீங்க, பி.எல்.480ங்கற அமெரிக்க உணவு உதவித் திட்டத்துல வந்த கோதுமைக்கு நாம ரூபாயா குடுத்து சேந்து கெடந்த கடன்ல 1,664 கோடி ரூபாயை 1974 பிப்ரவரில ஒரே செக்கா எழுதி நம்ம அரசாங்கத்துக்கே திருப்பி குடுத்தவர். உலகத்துலயே பெரிய தொகைக்கு எழுதின செக்னு கின்னஸ்ல ஏறிச்சு.

எம்பஸி காம்பவுண்டுக்குள்ள காலை வெச்சா அது அமெரிக்க மண், அங்க குழந்தை பொறந்தா அமெரிக்க சிட்டிசன்னு எங்க ஆபீஸ்ல ஒருத்தர் அடிச்சு சொல்றார். நிஜமா? (வாசகர், முனிர்கா)

இல்ல. ரெண்டுமே தப்பு, ஆனா படிச்சவங்களே இப்படித்தான் நம்பிட்டு இருக்காங்க. அது இந்திய மண்தான், இந்திய சட்டம்தான். 1961ல வியன்னாவுல போட்ட தூதரக உறவு ஒப்பந்தம் என்ன சொல்லுதுன்னா, தூதரோட அனுமதி இல்லாம நம்ம போலீஸ் உள்ள நுழையக் கூடாது, சோதனை போடக் கூடாது, ஜப்தி பண்ணக் கூடாது, யாரும் தாக்காம பாத்துக்கற பொறுப்பும் நம்மளோடது. இது 22வது பிரிவு. தூதரக அதிகாரிகள் வீட்டுக்கும் இதே பாதுகாப்பு உண்டுன்னு 30வது பிரிவு சொல்லுது, அதனாலதான் ரூஸ்வெல்ட் ஹவுஸ் வாசல்லயும் நம்ம போலீஸ் நிக்குது. கொடி கட்டற உரிமை 20வது பிரிவு, அது ஆபீசுக்கும் உண்டு வீட்டுக்கும் உண்டு காருக்கும் உண்டு. நாம இதை 1972ல பார்லிமென்ட்ல தனி சட்டமாவே கொண்டு வந்துட்டோம். நம்ம சட்டத்தை மதிக்கணும்னு அவங்களுக்கும் அதே ஒப்பந்தத்துல கடமை இருக்கு. உள்ள நுழைய முடியாதுங்கறதும் அவங்க மண்ணுங்கறதும் ஒண்ணு இல்ல.

வாசலுக்கு வெளிய இருக்கற ரோடு முழுக்க நம்மளோடது. 2013 டிசம்பர் ஞாபகம் இருக்கா? நியூயார்க்ல நம்ம துணைத் தூதரக அதிகாரியை கைது பண்ணி அவமானப்படுத்தினாங்கன்னு இங்க கொதிச்சப்ப, டெல்லி போலீஸ் வந்து இந்த எம்பஸிய சுத்தி ரோட்டுல போட்டிருந்த கான்க்ரீட் தடுப்பை எல்லாம் எடுத்துட்டு போயிட்டாங்க. உள்ள ஒரு அடி கூட வைக்கல. ஒப்பந்தத்தை மீறாம கோவத்தை காட்டறதுக்கு ரோடு போதும்.

ஸ்டாலின் பொண்ணு டெல்லி அமெரிக்கன் எம்பஸில போய் ஒளிஞ்சுக்கிட்டாங்கன்னு எங்க மாமா சொல்வார். கட்டுக்கதையா? (வாசகி, கரோல் பாக்)

உங்க மாமா சரியாத்தான் சொல்லியிருக்கார், ஆனா ஒளியல, நேரா வாசல் வழியா நடந்து போனாங்க. ஸ்வெத்லானா அலிலுயேவா. பிரஜேஷ் சிங்னு உத்தரப் பிரதேசத்து காலாகாங்கர் ராஜ குடும்பத்து கம்யூனிஸ்ட், மாஸ்கோல ஆஸ்பத்திரில இருந்தப்ப இவங்களுக்கு பழக்கம், ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்க சோவியத் அரசாங்கம் விடல. அவர் 1966ல இறந்து போனார். அஸ்தியை கங்கையில கரைக்கணும்னு கெஞ்சி அனுமதி வாங்கிக்கிட்டு அந்த வருஷம் டிசம்பர்ல இங்க வந்தாங்க. காலாகாங்கர்ல கங்கைக்கரையில இருந்துட்டு திரும்பிப் போகவே மனசு வரல. இங்க தங்கறேன்னு கேட்டுப் பாத்தாங்க, மாஸ்கோவை பகைச்சுக்க நம்ம அரசாங்கத்துக்கும் இஷ்டம் இல்ல. மார்ச் 8 ஃப்ளைட்டுக்கு டிக்கெட் போட்டாச்சு, சாந்திபத் சோவியத் எம்பஸி கெஸ்ட் ஹவுஸ்ல தங்க வெச்சாச்சு.

மார்ச் 6, 1967, சாயங்காலம். கையில பாஸ்போர்ட் திரும்ப வந்துடுச்சு. ஒரு டாக்ஸி புடிச்சு, அதே சாந்திபத்ல இருக்கற அமெரிக்கன் எம்பஸி வாசல்ல வந்து இறங்கிட்டாங்க. ஆபீஸ் நேரம் முடிஞ்சுடுச்சு. நான் ஸ்டாலின் மகள்னு சொன்னா அங்க இருந்தவங்களுக்கு நம்பறதா வேண்டாமான்னே தெரியல, அப்படி ஒரு பொண்ணு இருக்கறதே வாஷிங்டன்ல பல பேருக்கு தெரியாது. தூதர் போல்ஸ் அன்னிக்கு உடம்பு சரியில்லாம வீட்டுல இருந்தார். யோசிச்சுப் பாருங்க, இந்த மாதிரி நேரத்துலதான் தூதர் வீடுங்கறது வெறும் விருந்து குடுக்கற இடம் இல்லன்னு புரியும். வாஷிங்டனுக்கு தந்தி அடிச்சார், ராத்திரி பன்னண்டு மணிக்குள்ள வேண்டாம்னு பதில் வரலன்னா அனுப்பிடறேன்னு, பதில் வரல, அனுப்பிட்டார். விசா போட்டு ஒரு அதிகாரியை கூட அனுப்பி நடுராத்திரிக்கு மேல பாலம் ஏர்போர்ட்ல இருந்து ரோம் போற குவான்டாஸ் ஃப்ளைட்ல ஏத்தி விட்டாங்க.

ஏன் அவ்வளவு அவசரம்? உள்ளயே வெச்சுக்கலாமே, போலீஸ் வர முடியாதேன்னு தோணும். உள்ள வர முடியாது, ஆனா வெளிய போகவும் விட மாட்டாங்களே. ஹங்கேரியில மிண்ட்செண்டினு ஒரு கத்தோலிக்க கார்டினல் 1956ல புடாபெஸ்ட் அமெரிக்க தூதரகத்துக்குள்ள போய் 1971 வரைக்கும் அங்கயே கிடந்தார், பதினஞ்சு வருஷம். லண்டன்ல ஈக்வடார் எம்பஸில விக்கிலீக்ஸ் அசாஞ்ச் 2012ல இருந்து 2019 வரைக்கும். போல்சுக்கு மிண்ட்செண்டி கதை நல்லா தெரியும். விடிஞ்சா சோவியத்காரங்க தேட ஆரம்பிப்பாங்க, நம்ம அரசாங்கத்துக்கு நெருக்கடி வரும், அந்தம்மா டெல்லியில ஒரு ரூம்ல வருஷக்கணக்கா உக்காரணும். அவர் அன்னிக்கு ராத்திரி எடுத்த முடிவு துணிச்சலானது, அந்தம்மாவுக்கு மட்டும் இல்ல நமக்கும் அது நல்லதா முடிஞ்சது. அவங்க ரோம்ல இருந்து சுவிட்சர்லாந்து போய், ஏப்ரல்ல நியூயார்க் போய் சேந்தாங்க. மாஸ்கோல ஒரு பையனையும் ஒரு பொண்ணையும் விட்டுட்டு போனாங்கங்கறதை நெனச்சா எனக்கு மனசு கனத்துப் போகும்.

சாணக்யபுரினு பேர் வெச்சது யார் ஐடியாவோ, நம்ம தமிழுக்கும் இந்த ஏரியாவுக்கும் தமிழ்நாடு இல்லத்தை தவிர ஏதாவது சம்பந்தம் உண்டா? (வாசகர், ஜனக்புரி)

உண்டு தம்பி, அருமையான சம்பந்தம். 1950கள்ல வெளிநாட்டு தூதரகங்களுக்குன்னே ஒதுக்கின ஏரியா இது, அர்த்தசாஸ்திரம் எழுதின சாணக்கியர் பேரை வெச்சாங்க, அவரோட இன்னொரு பேர்லதான் நம்ம தமிழ்நாடு இல்லம் இருக்கற கௌடில்ய மார்க், இலங்கை ஹை கமிஷனும் அதே ரோடு. அந்த அர்த்தசாஸ்திரம் பல நூறு வருஷமா பேர் மட்டும் இருந்து புத்தகம் கிடைக்காம போன ஒண்ணு. 1905ல மைசூர் ஓரியண்டல் லைப்ரரியில சாமசாஸ்திரி கண்டுபிடிச்சு 1909ல அச்சுல கொண்டு வந்தார். அந்த ஓலைச்சுவடி கிரந்த எழுத்துல இருந்தது, லைப்ரரிக்கு கொண்டு வந்து குடுத்தது தஞ்சாவூர் ஜில்லா பண்டிதர் ஒருத்தர். அவர் அதை பரண்லயே போட்டு வெச்சிருந்தா சாணக்கியர் பேரை ஒரு ஊருக்கு வைக்கற அளவுக்கு யாருக்கும் ஞாபகம் இருந்திருக்குமான்னு தெரியல.

சாணக்யபுரி வர்றதுக்கு முன்னாடி தூதர்கள் எங்க இருந்தாங்க? (வாசகி, லஷ்மி பாய் நகர்)

லட்யன்ஸ் பங்களாக்கள்லயும் ராஜாக்களோட மாளிகைகள்லயும். இப்பவும் நெறைய பேர் அங்கதான். ஜின்னாவோட டெல்லி வீடு, பழைய ஔரங்கசீப் ரோடு 10ஆம் நம்பர், 1947ல தொழிலதிபர் டால்மியா வாங்கி, 1951ல நெதர்லாந்து வாங்கி, இன்னிக்கு வரைக்கும் அவங்க தூதர் வீடு. 2015ல அந்த ரோடு நம்ம ராமேஸ்வரத்து கலாம் பேருக்கு மாறிடுச்சு. பாகிஸ்தானோட முதல் பிரதமர் லியாகத் அலி கான் வீடு திலக் மார்க்ல பாகிஸ்தான் ஹை கமிஷனர் வீடா இருக்கு. பிரிட்டிஷ் ஹை கமிஷனர் இருக்கறது ராஜாஜி மார்க், முன்னாடி அது கிங் ஜார்ஜ் அவென்யூ. கஸ்தூர்பா காந்தி மார்க்ல இருக்கே திருவிதாங்கூர் ஹவுஸ், அதுல முன்னாடி சோவியத் எம்பஸி இருந்தது. கன்னியாகுமரி பக்கத்துக்காரங்களுக்கு உங்க பழைய மகாராஜா வீடு அது.

இதே மாதிரி வெளியூர்ல நம்மளோடதும் இருக்கு. லண்டன் ஆல்ட்விச்ல இந்தியா ஹவுஸ், 1930ல திறந்தது, கட்டினவர் ஹெர்பர்ட் பேக்கர். நம்ம நார்த் பிளாக் சவுத் பிளாக் கட்டின அதே ஆள். உள்ள வங்காள ஓவியர்கள் போய் சுவர்ல சித்திரம் வரைஞ்சிருக்காங்க. அங்க போறவங்க வெளியில நின்னாவது பாத்துட்டு வாங்க.

உள்ள போய் பாக்க முடியுமா? போட்டோ எடுக்கலாமா? (கல்லூரி மாணவி, லோதி காலனி)

ஆர்க்கிடெக்சர் படிக்கறேன்னு எழுதியிருக்கீங்க, அதனால விவரமா சொல்றேன். சும்மா டிக்கெட் எடுத்து பாக்கற இடம் இல்ல. விசாவுக்கு போறவங்க போறது கான்சுலர் பக்கம், அங்க இருந்து தண்ணித் தோட்டம் எல்லாம் பாக்க முடியாது. வாசல்ல நின்னு போட்டோ எடுத்தா போலீஸ் தடுப்பாங்க, வாக்குவாதம் பண்ணாதீங்க. உங்க காலேஜ் மூலமா எழுத்துல கேட்டுப் பாருங்க. 2021ல அங்க வைஸ் மன்ஃப்ரெடினு நியூயார்க் ஆர்க்கிடெக்ட்ஸ் ப்ளான்ல புது கட்டடங்கள் எழுப்பற வேலைக்கு பூமி பூஜை போட்டாங்க, ஸ்டோனோட பழைய கட்டடத்தை இடிக்காம சீர் பண்றதும் அந்த ப்ளான்ல இருக்கு. இந்த ஊர்ல ப்ரகதி மைதான் ஹால் ஆஃப் நேஷன்ஸ் கண்காட்சி மண்டபத்தை 2017ல ஒரு ராத்திரில இடிச்சதை பாத்தவங்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்னு புரியும்.

அதுவரைக்கும் சாந்திபத்லயே நடந்து போங்க, கொஞ்ச தூரத்துல பெல்ஜியம் எம்பஸி இருக்கு, ஓவியர் சதீஷ் குஜ்ரால் கட்டினது, முழுக்க செங்கல். ஸ்டோன் அமெரிக்கால இருந்து வந்து நம்ம ஜாலியை எடுத்தார், குஜ்ரால் இந்த மண்ணுலயே இருந்து பெல்ஜியத்துக்கு வீடும் ஆபீசும் கட்டினார். ரெண்டையும் ஒரே நாள் காலையில பாத்துட்டு எது டெல்லி வெயிலை நல்லா புரிஞ்சுக்கிட்டிருக்குன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த இதழ்ல போடறேன்.